தெருவே சேர்ந்து மழைநீர்க் குழிகளைத் தூர்வாருவது எப்படி?

எங்கள் தெருமுனைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே ‘குடியிருப்போர் நலச் சங்கச் செய்தி’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே சாக்பீஸில் ஒரே ஒரு வரி: ‘தண்ணீர் 17 அடியில்.’ கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நிற்கிறது என்ற கணக்கு அது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்த எண் மாறும். சங்கக் கூட்டத்துக்கு எட்டிப்பார்க்காதவர்கள்கூட, பால் வாங்கப் போகும்போது அந்த எண்ணைப் பார்க்காமல் போவதில்லை.

அந்த எண்ணுக்காக நாங்கள் புதிதாக எதையும் கட்டவில்லை. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில், மாடி மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் மறந்துபோய்விட்டது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. எங்கள் வீட்டுக் குழியைத் தேடிப் போனால், அதன் மேல் ஒரு செம்பருத்திச் செடி செழிப்பாக வளர்ந்திருந்தது.

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 1: ஆள் சேர்த்தல்

நான்கு பேர் போதும். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும் முகம் ஒன்று, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒருவர், எதற்கும் கோபப்படாதவர் ஒருவர். கடைசி ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பதிவு செய்த சங்கம் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும், குழியைத் தூர்வாரப் பதிவுச் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை.

படி 2: கிணற்றை அளத்தல்

நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு பித்தளைச் செம்பைக் கட்டுங்கள். கிணற்றுக்குள் மெதுவாக இறக்கினால், செம்பு நீரைத் தொடும்போது ‘குளுக்’ என்று ஒரு சத்தம் வரும். அங்கேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முடிச்சுகளை எண்ணுங்கள். கிணற்றுச் சுவரின் உயரத்தைக் கழித்துக்கொள்ள மறக்கக் கூடாது. முதல் தடவை நாங்கள் மறந்து, மூன்று அடி கூடுதலாக எழுதி, தெருவையே பயமுறுத்தினோம். மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன்பாக, விடியற்காலையில், எப்போதும் அதே கிணற்றில் அளக்க வேண்டும்.

படி 3: ஒரு வாளித் தண்ணீர்

இதுதான் முக்கியமான படி. வீடு வீடாகப் போய், “உங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

“இருக்கிற தண்ணீரை எதற்கப்பா கொட்டுகிறீர்கள்?” என்றார் மூன்றாம் வீட்டு மாமி.

“அது எங்கே போகிறது என்று பார்க்கத்தான் மாமி.”

மாமியும் எங்களோடு கீழே வந்து குழாயின் வாயருகே நின்றார். தண்ணீர் பளிச்சென்று தெருவுக்கு ஓடியது. அதற்குப் பிறகு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாடித் தண்ணீர் குழிக்குப் போகலாம், தெருவுக்குப் போகலாம், கழிவுநீர்க் குழாய்க்கும் போகலாம். மூன்றாவது மிக மோசம். பெருமழையில் சாக்கடை பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் தெருவின் 31 வீடுகளில் 9 வீடுகளில்தான் தண்ணீர் ஒழுங்காகக் குழிக்குப் போனது.

தயங்குகிறவர்களிடம் லாரிக் கணக்கைச் சொல்லுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். 10 செ.மீ. பெய்யும் நாளில், 9,000 லிட்டர் லாரி ஒன்று காசில்லாமல் மாடியில் வந்து நிற்கிறது.

படி 4: தூர்வாருதல்

பொதுவாகக் குழியின் அடியில் பெரிய கற்களும், நடுவில் ஜல்லியும், மேலே மணலும் இருக்கும். மணலை அள்ளும்போதே நிலைமை தெரிந்துவிடும்: சாம்பல் நிற வண்டல், தோசைபோல் ஏடாக உரிந்து வரும். அந்த ஏடு அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. மணலை மாற்றுங்கள். ஜல்லியைச் சல்லடையில் போட்டு அலசி மறுபடியும் போடலாம். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு நைலான் வலையை விரித்துவிட்டால், அடுத்த ஆண்டு மணலை மட்டும் எடுத்தால் போதும். முடிவில் ஐந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நின்றால் வேலை முடியவில்லை.

ஆழமான உறைகிணற்றுக்குள் தன்னார்வலர் யாரும் இறங்கவே கூடாது. உள்ளே காற்று கெட்டிருக்கும், உயிர் போய்விடும். அதற்குத் தகுந்த கருவிகளோடு வரும் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவதும் கூடாது. தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கில் சிறு குழியே தண்ணீரைக் குடித்துவிடும். களிமண் பூமியில் அது செல்லாது. என் தங்கை வீட்டில் ஓர் ஒப்பந்தக்காரர் களிமண்ணில் 4 அடிக் குழி தோண்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மழை நின்று பத்து நாளாகியும் தண்ணீர் அப்படியே நின்று, கொசு வளர்த்தது. அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை உறை இறக்க வேண்டும்.

படி 5: முதல் மழை

மழைக்கு முன் மாடியைப் பெருக்குங்கள். முதல் மழையில் தூசியும் புறா எச்சமும் வரும். அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைக் குழிக்குத் திருப்புங்கள். கிணற்றுக்கு நேரடியாக விடுவதானால் மாடித் தண்ணீர் மட்டும், அதுவும் வடிகட்டி வழியாக. வாசல் தண்ணீர் வேண்டாம்.

செலவுக் கணக்கையும் பலகையிலேயே எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை வராது.

நல்ல மழை பெய்தாலே கிணறு ஏறும். எங்கள் உழைப்பால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சென்ற டிசம்பரில் பலகையில் 9 என்று எழுதினேன். மறுநாள் காலையில் அதன் பக்கத்திலேயே, சாய்ந்த குழந்தைக் கையெழுத்தில், ‘எங்கள் கிணற்றில் 8’ என்று இருந்தது. எந்த வீடு என்று இன்னும் தெரியவில்லை. வரும் ஞாயிறு கயிற்றோடு போய் விசாரிக்க வேண்டும். சுவர் உயரத்தைக் கழித்தார்களா என்றும் கேட்க வேண்டும்.