டென்னிஸ் முடிவுகளை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் தயாரித்த ஆண்கள் ஒற்றையர் முடிவுகளைப் போன வாரம் திருத்தினேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள். பெயரில் எழுத்துப்பிழை, தேதி மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை யார் கண்ணிலும் பட்டுவிடும். ஸ்கோரைச் சரியாக எழுதிவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

அடைப்புக்குறிக்குள் இருப்பது யாருடைய எண்?

டைபிரேக்கில் (செட் 6-6 ஆனதும் 7 புள்ளிக்கு ஆடும் தீர்வு ஆட்டம்) தோற்றவருடையது. 2012 சென்னை ஓபன் இறுதி ஆட்டத்தில் மிலோஸ் ராவ்னிச், யாங்கோ டிப்சரேவிச்சை 6-7(4), 7-6(4), 7-6(4) என்று வென்றார். மூன்று இடத்திலும் 4 இருக்கிறது. முதல் 4 ராவ்னிச் எடுத்தது, மற்ற இரண்டும் டிப்சரேவிச் எடுத்தவை. 7-6(8) என்றிருந்தால் டைபிரேக் 10-8 என்று முடிந்திருக்கிறது. அதை "8-7" என்று விரித்து எழுதியிருந்தார் ஒருவர். இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லாமல் டைபிரேக் முடியாதே!

அந்தச் சென்னை ஸ்கோரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்த வாரம் முழுக்க ராவ்னிச்சின் சர்வீஸை யாராலும் முறியடிக்க முடியவில்லை, அதாவது அவர் சர்வ் போட்ட கேம் எதையும் எதிராளி வெல்லவில்லை. மூன்று செட்டும் 6-6 வரை போனதால், டிப்சரேவிச்சின் சர்வீஸும் ஒருமுறைகூட முறியவில்லை என்பது ஸ்கோரிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

வாக்ஓவர் வெற்றிக் கணக்கில் சேராது

ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவர் விலகுவதுதான் வாக்ஓவர். இதில் நான் செய்த தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2014 நவம்பர், லண்டன் ஓ2 அரங்கம், ஏடிபி பைனல்ஸ் இறுதி ஆட்டம். முந்தின நாள் வாவ்ரிங்காவை 4-6, 7-5, 7-6(6) என்று வென்ற பெடரர், முதுகுவலியால் ஆட முடியாது என்று மைதானத்துக்கு வந்து சொல்லிவிட்டார். ஜோகோவிச்சுக்குக் கோப்பை. நான் வைத்திருந்த 'நேருக்கு நேர்' அட்டவணையில் அவருக்கு ஒரு வெற்றியைக் கூட்டினேன். கோப்பையே கிடைத்துவிட்டதே, வெற்றி இல்லாமல் எப்படி என்று நினைத்தேன்.

ஆடாத ஆட்டத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அடுத்த சுற்றும் பட்டமும் எதிராளிக்குப் போகும், வெற்றி தோல்விக் கணக்கு நகராது. என் அட்டவணையிலிருந்து எல்லாரும் எடுத்துப் போட்டார்கள். 2015 முடிவில் இருவரும் 22-22 என்று சமமாக நின்றார்கள். நாங்களோ "ஜோகோவிச் 23-22 முன்னிலை" என்று அச்சிட்டோம். 2016 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் அவர் பெடரரை வென்று, முதன்முறையாக உண்மையிலேயே முன்னிலைக்குப் போனார். எத்தனை வருடம் காத்திருந்த செய்தி! எங்களால் எழுத முடியவில்லை, ஏற்கெனவே எழுதிவிட்டோம். ஒரு வாசகர் கணக்கை வரிசையாக எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டம் தொடங்கிய பிறகு விலகினால் கதை வேறு. 2022 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் நடால் 7-6(8), 6-6 என்றிருந்தபோது ஸ்வெரெவின் கணுக்கால் பிசகியது. அது நடாலுக்கு முறையான வெற்றி. ஸ்கோரை 6-6 என்றே விடுங்கள், 7-6 என்று நீங்களே ஆடி முடிக்காதீர்கள். அடுத்த மாதமே விம்பிள்டன் அரையிறுதிக்கு முன் நடால் வயிற்றுத் தசை கிழிந்து விலகினார். அது வாக்ஓவர், அவருக்குத் தோல்வி இல்லை. 2020 அமெரிக்க ஓபனில் ஜோகோவிச் அடித்த பந்து லைன் நடுவர் மேல் பட்டு அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டது மூன்றாவது வகை. அது தோல்விதான்.

"வாக்ஓவர்", "காயத்தால் விலகல்", "தகுதி நீக்கம்" என்று மூன்று சொல்லையும் தனித்தனியாக எழுதுங்கள். "எதிராளி விலகியதால் முன்னேறினார்" என்று பொதுவாக எழுதுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம்.

கடைசி செட் டைபிரேக்

2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் சின்னரை வென்ற கடைசி செட்டை 7-6(10-2) என்று முழுதாகப் போடுங்கள். வெறும் (2) போட்டால் வாசகர் 7-2 என்று படிப்பார். 2019 விம்பிள்டன் இறுதியின் 13-12(3) பழைய விதி, அங்கே 7-3 தான்.

சீடிங்கும் தரவரிசையும்

ஒன்றல்ல. சீடிங் என்பது ஒரு போட்டியில் முன்னணி வீரர்களுக்கு மட்டும் தரும் வரிசை எண், தரவரிசை உலக அளவில் உள்ள இடம். 2001 விம்பிள்டனை வென்ற இவானிசெவிச்சின் தரவரிசை 125, சீடிங் கிடையாது.

ஆண்டு மட்டும் போதாது

1977-ல் ஆஸ்திரேலிய ஓபன் இரண்டு முறை நடந்தது: ஜனவரியில் ராஸ்கோ டானர், டிசம்பரில் விட்டாஸ் ஜெருலைட்டிஸ்.