சீருடையிலிருந்து எம்.பி.ஏ.வுக்கு: விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் கடற்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, சீனக்குடாவில் விமானப்படையினுடையது. அதனால் சேவையை முடித்துவிட்டு எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் இளம் அதிகாரிகள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்ல. அவர்களில் தமிழ் பேசுபவர்கள் குறைவு, தமிழில் வழி சொல்ல ஆளும் குறைவு. அவர்களுடைய விண்ணப்பங்களை வாசிக்கும்போது எனக்கு ஒரே வருத்தம்தான்: செய்த வேலை பெரியது, தாளில் அது தெரிவதில்லை.

பதவிப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவது பெரிய தவறு. தரைப்படையில் கப்டன் ஓர் இளநிலை அதிகாரி. கடற்படைக் கப்டனோ தரைப்படைக் கேர்ணலுக்குச் சமம். பிரான்ஸில் ஒரு கல்லூரியில் இருந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? உங்களுக்குக் கீழே எத்தனை பேர், உங்கள் பொறுப்பில் என்னென்ன, பழுதான படகை எத்தனை நாளில் மறுபடி கடலில் இறக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, அணிக்குள் ஒளிந்துகொள்வது. 2020 செப்டம்பரில் சுமார் 270,000 தொன் மசகெண்ணெயோடு வந்த நியூ டயமண்ட் கப்பல் நம் கிழக்குக் கடலில் தீப்பிடித்தது. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் சேர்ந்துதான் அணைத்தார்கள். அப்படியொரு பணியில் நின்றவர், 'எமது அணி தீயைக் கட்டுப்படுத்தியது' என்று ஒரே வரியில் முடித்தால், அங்கே நின்ற யாரும் எழுதக்கூடிய வரி அது. பாதித் தகவலோடு நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், யார் மறுத்தார்கள், இன்று என்றால் எதை மாற்றிச் செய்வீர்கள்? தேர்வுக்குழு தேடுவது அதைத்தான்.

பெரிய சம்பவம்தான் வேண்டும் என்றும் இல்லை. இருபது வருடம் கடலில் கழித்த மூத்த மாலுமியை இருபத்துநான்கு வயதில் வேலை வாங்கியது, எரிபொருள் கணக்கில் இடித்த இடத்தைக் கண்டுபிடித்தது, இவற்றைத்தான் நான் இன்னும் மதிப்பேன். போர்க்களச் சாகசத்தை முன்னிறுத்த வேண்டாம். ஏன் என்று இந்த ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. இரகசியமான நடவடிக்கை விவரங்களும் எழுத்தில் வரவே கூடாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு அட்மிரலின் கையெழுத்தைத் தேடி அலைபவர்கள் உண்டு. அவர் உங்களை அணிவகுப்பில் மட்டுமே பார்த்திருப்பார். தினமும் உங்கள் வேலையைப் பார்த்த கட்டளை அதிகாரியிடமே கேளுங்கள். 'ஒழுக்கமானவர், கடமை தவறாதவர்' என்று சேவை அறிக்கை பாணியில் எழுதிவிடாதபடி, உங்களோடு சேர்ந்து நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்கப் படையினருக்கானது. அவர்களுக்கு ஜி.ஐ. பில் என்ற அரசுக் கல்வி உதவி உண்டு, நமக்கு இல்லை. அதை நம்பிச் செலவுக் கணக்குப் போடாமல், ஒவ்வொரு கல்லூரியின் உதவித்தொகையையும் தனியாகப் பாருங்கள். சேவையிலிருந்து விலக அனுமதி கேட்பதையும் தள்ளிப்போடாதீர்கள், கல்லூரி இடம் தந்த பிறகு தொடங்கினால் காலம் போதாமல் போகலாம்.

அப்புறம் ஜிமேட், எம்.பி.ஏ.வில் சேர எழுதும் நுழைவுப் பரீட்சை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் புள்ளிகள் 205 முதல் 805 வரை. பழைய 700க்கு இப்போது 645 ஏறக்குறைய ஈடு. இது தெரியாமல் 645 எடுத்துவிட்டு மனம் உடைபவர்கள் இருக்கிறார்கள். புள்ளி 5 ஆண்டு செல்லும், ஆகவே கப்பல் நியமனம் வரும் முன், கரையில் இருக்கும்போதே பரீட்சையை எழுதிவிடுங்கள்.