பழையாற்றுக்குத் தண்ணீர் விடும் சின்ன எஸ்.டி.பி.யை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) பார்த்துக்கொள்வது எப்படி?

சுசீந்திரம் பக்கம் ஒரு குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் தண்ணீர் ஓடை வழியாகப் பழையாற்றில் விழுந்து மணக்குடி காயலுக்குப் போகிறது. வழியில் வயல் உண்டு, குளிக்கிற ஆட்கள் உண்டு, காயலில் வலை வீசுகிறவர்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். 100 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் தினமும் சுமார் 43,000 லிட்டர். இதை அப்படியே ஆற்றில் விட்டால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போதே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும். அந்தத் தீனியை நம் தொட்டிக்குள்ளேயே முடித்து அனுப்புவதுதான் வேலை.

காலையில் முதலில் பார் ஸ்கிரீன், அதாவது குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பு. நாப்கின், துணி, ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றையும் கையுறை போட்டு வாரி எடுங்கள். பம்ப் அடைத்தால் சங்கிலி போட்டு மேலே தூக்குங்கள். கழிவுநீர் வந்து சேரும் சம்புத் தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. விஷவாயு நொடியில் கொல்லும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது.

அப்புறம் ஏரேஷன் டேங்க், அதாவது காற்று ஊதி நுண்ணுயிரை வளர்க்கும் தொட்டி. சாக்லேட் நிறமும் மண்வாசனையும் இருந்தால் நல்லது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது வேண்டும். கரண்ட் போனால் காற்று ஊதும் ப்ளோயருக்கு ஜெனரேட்டர் கட்டாயம்.

இனி சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமான சோதனை. 1000 மில்லி அளவுக் குடுவையில் ஏரேஷன் டேங்க் தண்ணீரை நிரப்பி, வெயில் படாமல், ஆட்டாமல் 30 நிமிடம் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் திரிவதுபோல் திரிதிரியாகச் சேர்ந்து கீழே இறங்கும். முடிவில் கசடு (நுண்ணுயிர்களின் திரள்தான் அது) 250 முதல் 400 மில்லிக்குள் நின்று, மேலே தெளிந்திருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. 400-ஐத் தாண்டினால் உபரிக் கசடை உலர்களத்துக்கு எடுங்கள். குறைந்து, மேலே கலங்கியிருந்தால் கசடு எடுப்பதை நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

வெளியே விடுமுன் தெளிந்த தண்ணீர் குளோரின் கலந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும். குளோரின் பார்க்கும் சோதனைச் சொட்டு மருந்தை அந்தத் தண்ணீரில் விட்டால் லேசான மஞ்சள் வந்தால் போதும். குளோரினை அள்ளிக் கொட்டினால் அதுவே மீனைக் கொல்லும்.

இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும்தான் ஆற்றுக்கு உண்மையான ஆபத்து. மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர் லைனில் சேர்த்த வீடுகள் எங்கும் இருக்கும். பெருமழையில் அந்த வெள்ளம் வந்து செட்டிலிங் டேங்கில் (ஏரேஷனுக்கு அடுத்த, கசடு படியும் தொட்டியில்) அடங்கிய கசடைக் கிளப்பி ஆற்றில் தள்ளிவிடும். வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர் ஒரே ராத்திரியில் போய்விடும்.

மழைக்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து குழாயில் ஊற்றச் சொல்லி, தெருவிலுள்ள கழிவுநீர் சேம்பரைத் திறந்து பாருங்கள். நீலம் வந்தால் இணைப்பு இருக்கிறது. “மழைத் தண்ணி சுத்தம்தானே தம்பி, வந்தா என்ன?” என்று கேட்பார்கள். சுத்தம்தான் அக்கா, ஆனால் தொட்டி தாங்காது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மாற்றிவிடும்வரை திரும்பத் திரும்பப் போங்கள்.

அப்படியும் வரத்து மிஞ்சினால் ப்ளோயரை அரை மணி நேரம் நிறுத்துங்கள். கசடு ஏரேஷன் டேங்கின் அடியிலேயே தங்கும். மழை தணிந்ததும் தாமதிக்காமல் ஓடவிடுங்கள்.