சுவரை இடிக்காமல் சின்ன அடுப்படியில் இடம் எடுப்பது எப்படி?

செட்டிநாட்டு வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முகப்பும், நடுவே முற்றம் வைத்த வளவும்தான் கண்ணில் நிற்கும். பங்கு பிரித்ததில் நமக்கு வளவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டில் வந்த அடுப்படி ஒன்பதுக்கு ஆறடிதான் என்பது அதில் நின்று சமைப்பவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணமான மகனை ‘வேறு வைத்து’ தனி அடுப்பு கொடுத்த காலத்தில், ஒரு கணவன் மனைவிக்குப் பொங்க விட்ட இடம் அது. ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும் என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முதல் வேலை, ஆசாரியையோ கொத்தனாரையோ கூப்பிடுவதற்கு முன்னாலேயே, அடுப்படியில் இருக்கிற அத்தனை சாமானையும் வளவில் கொண்டுவந்து பரப்புவது. தினமும் எடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது என்று மூன்று குவியல் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தவை மூடி இல்லாத எட்டு தூக்குச்சட்டிகள். மூன்றாவது குவியல் அடுப்படிக்குத் திரும்பவே கூடாது, பண்டக அறைக்கோ பரணுக்கோ போகட்டும். ஆனால் விளிம்பில் அப்பத்தா பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரத்தை இடம் இல்லை என்று பழைய சாமான் கடையில் போட்டுவிடாதீர்கள், அது திரும்பி வராது.

அடுத்தது அளவு. பழைய சுவர் நூல் பிடித்த மாதிரி இருக்காது. தரையருகில், இடுப்பு உயரத்தில், தலைக்கு மேல் என்று மூன்று இடத்தில் டேப் வைத்துப் பாருங்கள், எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவரில் புதுவீட்டில் மாட்டுவது போல அலமாரியை மாட்டக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருவர் ட்ரில் போட்டு ஆங்கர் அடித்தார். நான்காம் நாள் பருப்பு டப்பாக்களோடு ஆங்கர் கழன்று வந்தது, கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து, உள்ளே செங்கலும் பொடிப்பொடியாய் உதிர்கிற சுண்ணாம்பும் தெரிந்தன. அந்தப் பூச்சை மறுபடி யார் போட்டுத் தருவார்கள்? அதனால் பாரம் எல்லாம் தரையில் நிற்க வேண்டும், அலமாரி சாயாமல் சுவர் பிடித்துக்கொண்டால் போதும். பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் உப்பவைத்துத் தள்ளிவிடும். சுண்ணாம்பும் மணலுமே போதும்.

தண்ணீர்க் குழாய், சிங்க், கரண்ட் வேலை இவற்றை முதலில் முடித்துவிடுங்கள். பழைய வயரில் கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் சேர்த்து ஓட்ட வேண்டாம், எர்த்தோடு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மேடை. ஆழம் இரண்டடி, உயரம் சமைப்பவரின் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே. மேடைக்கு அடியில் மரச் சட்டத்துக்குப் பதிலாகக் கடப்பாக் கல்லை நிறுத்தித் தட்டு போடுங்கள், நம் பக்கத்துக் கரையானுக்கு அதுதான் பதில். கதவும் இழுப்பறையும் மட்டும் ஈரம் தாங்கும் ப்ளைவுட்டில் இருக்கட்டும். பணியாரக்கல், இடியாப்ப உரல் மாதிரி கனமானவை கீழ் இழுப்பறையில். சிலிண்டரை மேடைக்கடியில் வைத்தால் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அந்தக் கதவின் கீழ்ப்பக்கம் காற்று போகத் துளைகளும் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தேங்கும்.

மேடை மேல்தளத்துக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது நம் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்க்கிற பூப்போட்ட சிமெண்ட் தளக்கல், வேண்டாம். தரைக்கு அதைப் போல அழகு எதுவும் இல்லை, ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டால் கறை பிடித்துவிடும். மேடைக்குக் கிரானைட் போதும்.

இனி உயரம். கதவுக்குப் பின்னால் வீணாகக் கிடக்கிற ஓரத்தில் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு ஒல்லி அடுக்கு நிறுத்துங்கள். ஆழம் ஆறு அங்குலம் போதும், டப்பா ஒரே வரிசையில் நிற்கும். ஆழமான தட்டில் பின்வரிசைக்குப் போன சீரகம் அடுத்த பொங்கலுக்குத்தான் கண்ணில் படும். தட்டுகளுக்கு நடுவே உங்கள் உயரமான டப்பாவுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டால் போதும். சுவர் மாடங்களை இடித்து அகலப்படுத்தாமல், குறுக்கே ஒரு கல் பலகை செருகினாலே ஒன்று இரண்டாகிவிடும். ஓட்டுக் கூரைச் சட்டத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். அங்கே நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால், அடி அடுக்கில் இருக்கிற டப்பாகூட விளக்குப் போடாமல் தெரியும்.

கதவுகளுக்கு உடனே அளவு கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் திறந்த தட்டிலேயே புழங்கிப் பாருங்கள், எந்தச் சாமான் எங்கே வந்து உட்காருகிறது என்று கை காட்டிவிடும். எதை மூடுவது, எதை அப்படியே விடுவது என்று அதற்கப்புறம் ஆசாரியிடம் சொல்லலாம்.