கொலைட்டிஸ் ஃப்ளேர் வந்தா வீட்ல என்ன பண்ணணும்? புதுசா இந்த நோய் வந்தவங்களுக்கு

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து 9 வருஷம் ஆகுது. மொதல் 7 மாசம் மூலம்னு நெனச்சு துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சாப்ட்டுட்டு இருந்தேன், ரத்தம் போகுதுன்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாரும் மொதல்ல சொல்றது அதானே, கடைசியா ஆசனவாய் வழியா கேமரா விட்டுப் பார்க்குற கொலோனோஸ்கோப்பி பண்ணினப்புறம்தான் பெருங்குடலோட உள்பக்கம் புண்ணாகி வீங்கிப்போய் இருக்குன்னு தெரிஞ்சுது. இது ஒட்டிக்கிற நோய் இல்ல. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம குடலைத் தாக்குது, ஆசனவாய் பக்கத்துல ஆரம்பிச்சு மேல ஏறும். பல மாசம் அடங்கி இருக்கும், திடீர்னு திரும்ப வரும், அதைத்தான் ஃப்ளேர்னு சொல்றாங்க. அப்ப வீட்ல நான் என்ன பண்றேனோ அதை வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: எண்ண ஆரம்பிங்க

தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, அதை பாத்ரூம் கதவுல ஒரு பென்சிலோட மாட்டி வைங்க. ஒவ்வொரு தடவை போனதும் ஒரு கோடு, ரத்தம் இருந்தா கோட்டுக்கு மேல ஒரு புள்ளி, ராத்திரி தூக்கத்துல எழுந்து போனா அந்தக் கோட்டைச் சுத்தி ஒரு வட்டம். அவ்ளோதான். போகணும் போகணும்னு முக்க வைக்கும் ஆனா சளி மட்டும்தான் வரும், அந்தக் கடுப்பையும் ஒரு தடவையா கணக்குல சேருங்க. நேத்து எத்தனைன்னு கேட்டா யாருக்குமே சரியா ஞாபகம் இருக்காது, 5ன்னு சொல்லுவோம், தாளைப் பார்த்தா 9 இருக்கும்.

ஸ்டெப் 2: டாக்டருக்குச் சொல்லுங்க

ரெண்டு நாள் கோடு கூடிட்டே போனா கேஸ்ட்ரோ டாக்டரை, அதாவது வயிறு குடல் டாக்டரைக் கூப்பிடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. பெரும்பாலும் மோஷன் டெஸ்ட் எழுதுவாங்க, ஏன்னா குடல்ல கிருமி தொத்தினாலும் அப்படியே ஃப்ளேர் மாதிரிதான் இருக்கும், ஆனா அதுக்கு வைத்தியம் வேற. போன தடவை மிச்சமான, வீக்கத்தை அடக்குற ஸ்டீராய்டை நாமளே எடுத்துப் போட்டுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

ஸ்டெப் 3: மருந்து

இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க, நானும் பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். குடல் வீக்கத்தை அடக்கி வைக்கிற மெசலமின் மாத்திரையை நிறுத்தாதீங்க. உடைச்சோ பொடிச்சோ சாப்டாதீங்க, அது குடலுக்குப் போய்தான் கரையணும்னு மேல பூச்சு போட்டிருக்காங்க. ஸ்டீராய்டு குடுத்திருந்தா 10 நாள்ல நல்லாயிட்டேன்னு பட்டுன்னு விட்றக் கூடாது, டாக்டர் சொல்ற கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

தலைவலி, மூட்டுவலின்னா டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் வேண்டாம், அது குடல் புண்ணைக் கிளறிவிடும், பாரசிட்டமால் போதும். வயித்தால போறதை நிறுத்துற லோபெரமைடு மாத்திரையை மெடிக்கல்ல கேட்டதும் குடுத்துடுவாங்க, ஆனா ஃப்ளேர் கடுமையா இருக்கிறப்ப அதைப் போட்டா குடல் உப்பிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

எனிமா, அதாவது ஆசனவாய் வழியா உள்ள விடுற மருந்து, எழுதிக் குடுத்தா வெக்கப்பட்டு அலமாரில வச்சுடாதீங்க. புண்ணு இருக்கிற எடத்துக்கே மருந்து நேரா போய்ச் சேருது, கீழ்ப்பக்கம் மட்டும் இருக்கிற புண்ணுக்கு மாத்திரையை விட இதுதான் நல்லா கேக்கும். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க. பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைல வச்சு சில்லுன்னு இல்லாம ஆக்கி, நல்லா குலுக்கி, முனைல கொஞ்சம் வாசலின் தடவுங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, இடது காலை நீட்டி வலது முட்டியை நெஞ்சுப் பக்கம் மடக்குங்க, மூச்சை மெதுவா விட்டுட்டே முனையை உள்ள விட்டு அவசரப்படாம பிழிங்க. அரை மணி நேரமாவது அப்படியே படுத்திருங்க, ராத்திரி முழுக்க உள்ள நின்னா ரொம்ப நல்லது. மொதல் ரெண்டு மூணு நாள் பத்து நிமிஷத்துலயே வெளிய வந்துடும், விடாம பண்ணுங்க, புண்ணு கொஞ்சம் ஆறினதும் தானா நிக்கும். துணில கறை பிடிக்கும், பழைய வேட்டியை மடிச்சுப் போட்டுக்கோங்க.

ஸ்டெப் 4: தண்ணியும் உப்பும்

ஓஆர்எஸ்னு விக்கிற உப்பு-சக்கரைத் தூள் பாக்கெட்ல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ அவ்ளோதான் ஊத்தணும். 1 லிட்டர் பாக்கெட்டை டம்ளர்ல பாதி கொட்டிக் கலக்குறது தப்பு, உப்பு கூடிப்போயிடும். பாக்கெட் இல்லன்னா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணில தலைதட்டி 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடக்கு மடக்கா குடிங்க. இளநீர் குடிக்கலாம், ஆனா அதுல சோடியம் கம்மி, அது மட்டும் பத்தாது. எங்கம்மா சோறு வடிச்ச கஞ்சில உப்பு போட்டு வெதுவெதுப்பா குடுப்பாங்க, வேற எதுவுமே எறங்காத நாள்லயும் எனக்கு அது எறங்கும். மூத்திரம் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

ஸ்டெப் 5: சாப்பாடு

எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் கெடையாது. எனக்கு ஒத்துக்கிறது இட்லி, குழைய வேகவச்ச பச்சரிசி சாதம், தோல் சீவின உருளைக்கிழங்கு, சுரைக்காய், பழுத்த வாழைப்பழம், வேகவச்ச முட்டை. கீரை, பச்சைக் காய், கொண்டைக்கடலை, காரக்கொழம்பு, எண்ணெய்ல பொரிச்சதெல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. பால் ஒத்துக்கலைன்னா நிறுத்துங்க, தயிர் பல பேருக்கு ஒத்துக்கும். மூணு வேளைக்குப் பதிலா ஆறு வேளையா சின்னச் சின்னதா சாப்டுங்க. பட்டினி மட்டும் கெடக்காதீங்க, ரத்தமும் புரதமும் போயிட்டே இருக்கிற உடம்பு அது.

ஸ்டெப் 6: ஆசனவாய்த் தோல்

ஒரு நாளைக்கு பத்து தடவை கழுவினா அந்தத் தோல் தீப்புண் மாதிரி எரியும். சோப்பு வேண்டாம், தண்ணி ஊத்திக் கழுவி மெத்துன்னு இருக்கிற பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் வாசலின் இல்லன்னா ஜிங்க் ஆக்சைடு கிரீம். டப்புல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி 10 நிமிஷம் உக்காந்தா கடுப்பு அடங்கும்.

ஸ்டெப் 7: எப்ப கிளம்பணும்

1955லயே ட்ரூலவ், விட்ஸ்னு ரெண்டு டாக்டர்ங்க வச்ச அளவுகோல் இன்னைக்கும் ஆஸ்பத்திரில புழக்கத்துல இருக்கு: ஒரு நாள்ல 6 தடவையோ அதுக்கு மேலயோ ரத்தத்தோட போயி, அதோட நாடி நிமிஷத்துக்கு 90க்கு மேல போனாலோ, காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல இருந்தாலோ அது கடுமையான ஃப்ளேர், வீட்ல பாத்துக்கிற விஷயமே இல்ல. வயிறு உப்பி கல்லு மாதிரி ஆனாலும், மயக்கம் வந்தாலும், கட்டி கட்டியா ரத்தம் போனாலும் அப்பவே கிளம்புங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் போங்க, ஃப்ளேர் நேரத்துல கால்ல ரத்தம் உறையுற ஆபத்து கூடும், அதனாலதான் படுத்தே கெடக்காம வீட்டுக்குள்ளயாவது நடங்கன்னு சொல்றாங்க.

வீட்ல இருக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, ராத்திரி 2 மணிக்குத் தனியா ஆட்டோ தேடக் கூடாது. பைல பழைய ரிப்போர்ட் ஃபைல், சாப்டுற மாத்திரை அட்டை எல்லாம், ரெண்டு மாத்துத் துணி, ஒரு பாட்டில் ஓஆர்எஸ். கதவுல மாட்டியிருக்கிற அந்தக் காலண்டர் தாளையும் மறக்காம கழட்டி எடுத்துக்கோங்க, டியூட்டி டாக்டர் மொதல்ல கேக்கப்போறதே நேத்து எத்தனை தடவைன்னுதான்.