ஈரச் சுவருக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் சோதனை

பழைய வீட்டுச் சுவரில் ஈரத்திட்டு தெரிந்தால், பெயிண்ட் வாங்கும் முன் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டி 2 நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் அறைக் காற்றின் நீராவிதான் குளிர்ந்த சுவரில் படிகிறது. அடைபட்ட வென்டிலேட்டரைத் திறந்துவிட்டாலே பெரும்பாலும் குறைந்துவிடும். இல்லையேல் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம். தாளுக்கு அடியில், சுவரை ஒட்டிய பக்கத்தில், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு எத்தனை ஃபேன் மாட்டினாலும் பயனில்லை, கசிவைத்தான் தேட வேண்டும்.

மழையில் மட்டும் கசியும் சுவரை வறண்ட நாளில் சோதித்தால் விடை தவறாகிவிடும். காரை உதிரும் சுவரில் டேப்பே நிற்காது.