உறக்கத்திற்கு மக்னீசியம்: நாற்பதைக் கடந்த பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று எந்த ஊர் மருந்துக் கடையில் சற்று நேரம் நின்றாலும், நாற்பத்தைந்து வயதை ஒட்டிய பெண்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தூக்கத்துக்கு இந்த மக்னீசியம் இருக்குதாப்பா?" என்று கேட்பதை இப்போது காணலாம். இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை என்பதால் கேட்டவுடன் கிடைத்துவிடுகிறது. வாங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. மக்னீசியம் உடலுக்கு இன்றியமையாத ஒரு தாதுச்சத்து. குறைந்திருந்தால் நிரப்ப வேண்டியதுதான். ஆனால் அதை ஊட்டச்சத்து என்று எண்ணாமல் ஹார்மோன் மருந்தாகவோ தூக்க மாத்திரையாகவோ எண்ணி வாங்கும்போது, எதற்காக வாங்கினோமோ அதுவும் நடப்பதில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்துகளின் வேலையும் கெட்டுப்போகிறது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சில மாதங்களில் முட்டை வெளிப்படாமல் போவதால், சூலகம் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்றான புரொஜெஸ்டிரோன் குறையத் தொடங்குகிறது. மற்றொன்றான ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் ஏறியும் மறுமாதம் இறங்கியும் நிலையில்லாமல் ஆடுகிறது. நடு இரவில் உடம்பெல்லாம் அனல் பரவி விழித்துக்கொள்வதும், காரணமில்லாத எரிச்சலும், மாதவிலக்குத் தள்ளிப்போவதும் இதன் விளைவுகள். மக்னீசியம் சூலகத்தை மீண்டும் பழையபடி இயங்க வைக்காது, ஈஸ்ட்ரோஜனை உயர்த்தாது. 'ஹார்மோனைச் சமன் செய்யும்' என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது விற்பனைக்கான வாசகமே தவிர மருத்துவக் கூற்று அல்ல. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஏற்படும் இந்த அனல் எழுச்சிக்கு மக்னீசியம் ஆக்சைடு உதவுகிறதா என்று அமெரிக்காவில் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை என்றே தெரிந்தது.

உறக்கத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிப்பதில் மக்னீசியத்திற்குப் பங்கு உண்டு என்பதால், அது உறக்கத்திற்கு உதவலாம் என்ற எதிர்பார்ப்பு அடிப்படையற்றது அல்ல. இருந்தாலும் கிடைத்திருக்கும் சான்று மெல்லியது. முதியவர்களிடம் நடந்த 3 சிறு ஆய்வுகளை, மொத்தம் 151 பேர்தான், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டின் அலசல், படுத்தபின் உறக்கம் வரும் நேரம் ஏறத்தாழ 17 நிமிடம் குறைந்ததாகச் சொன்னது. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அதுவே சொன்னது. கால்மணி நேரம் முன்னதாகத் தூங்குவது சிலருக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் இரவு மூன்று முறை வேர்த்து எழுகிறவருக்குத் தேவைப்படும் மருத்துவம் அது அல்ல.

ஆகவே, மாத்திரையைத் தேடுவதற்கு முன் உறக்கத்தைக் கெடுப்பது எது என்று தேடாமல் விடுவதையே தவறுகளில் பெரிதாக நான் கருதுகிறேன். வேலூரில் அக்னி நட்சத்திர நாட்களில் தளம் போட்ட வீட்டின் மேல்மாடியில் யார் படுத்தாலும் வேர்க்கத்தான் செய்யும். அதை ஹார்மோன் கணக்கில் எழுதக் கூடாது. மாதவிடாய் நிற்கும் காலத்து அனலோ மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அலையாக ஏறி, சில நிமிடங்களில் வேர்வையாக இறங்கி, பிறகு குளிரவும் வைக்கும். மார்கழிக் குளிரிலும் அது வரும். அத்தகைய அனல் இரவுதோறும் எழுப்புகிறது என்றால் அதற்குப் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் உண்டு. ஹார்மோன் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கால் குடைச்சல். படுத்தவுடன் கெண்டைக்கால் உள்ளே ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். காலை ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ அடங்கும். மறுபடி படுத்தால் தொடங்கிவிடும். இதற்கு மக்னீசியம் வாங்கும் பெண்கள் ஏராளம். இந்தக் குடைச்சலுக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் உதிரப்போக்கு மிகுந்து, பத்து நாள் வரையிலும் நீண்டு, உடலின் இரும்புச் சேமிப்பு வற்றிப்போவது நம் பக்கத்தில் சாதாரணம். 'இந்த வயசுல அப்படித்தான்' என்று வீட்டிலேயே அதை முடித்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் பார்ப்பதோடு நிற்காமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்தால் காரணம் வெளிப்படும். அப்போது தேவைப்படுவது இரும்பு. இரும்பு மாத்திரையையும் மக்னீசியத்தையும் ஒரே வாயில் விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையவும் கூடும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் நரம்பிழுப்பு வேறு. அதற்கும் வயதானவர்களிடம் மக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்றே பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு முடிவு செய்தது.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, தைராய்டு, மனச்சோர்வு, மாலை ஆறு மணிக்கு மேல் குடிக்கும் டீ ஆகியவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். தோல், காலணித் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டு வேலையும் முடித்துப் பன்னிரண்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழும் பெண்ணின் உறக்கக் குறைவுக்கு எந்தத் தாதுச்சத்தும் பதில் சொல்லாது.

டப்பாவைப் படிப்பதில் நேரும் தவறு

டப்பாவின் முன்புறம் 'மக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது மக்னீசியத்தோடு கிளைசின் சேர்ந்த முழுச் சேர்மத்தின் எடை. அதற்குள் இருக்கும் மக்னீசியம் ஏறத்தாழ 14 விழுக்காடு, அதாவது 140 மி.கி. அளவுதான். சிட்ரேட்டில் இது சுமார் 16 விழுக்காடு, ஆக்சைடில் 60. எனவே ஆக்சைடு 500 மி.கி. மாத்திரையில் 300 மி.கி. மக்னீசியம் இருக்கிறது, எடையில் இருமடங்கான கிளைசினேட் மாத்திரையில் அதில் பாதிகூட இல்லை. டப்பாவைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் உள்ள அட்டவணையில் 'தனிம மக்னீசியம்' (elemental magnesium) என்பதற்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண் ஒரு மாத்திரைக்கா, 'ஒரு வேளை அளவு' என்று அவர்கள் குறிக்கும் இரண்டு அல்லது மூன்று மாத்திரைக்கா என்பதையும் அங்கேயே பார்க்க வேண்டும். கிளைசினேட் என்ற பெயரில் மலிவான ஆக்சைடைக் கலந்து விற்பதும் உண்டு; உட்பொருள் பட்டியலில் அது தெரியும்.

ஆக்சைடில் மக்னீசியம் நிறைய இருந்தாலும் குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மீதி தண்ணீரை இழுத்து வயிற்றைப் போக்குகிறது. மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே வேண்டியதாக இருக்கலாம், மற்றவருக்குத் தொல்லை. சிட்ரேட்டும் மலத்தை இளக்கும். கிளைசினேட் வயிற்றுக்குச் சற்று இதமானது என்பதாலேயே உறக்கத்திற்காகப் பரிந்துரைக்கப்படுகிறது. மற்ற வகைகளைவிட அதுதான் தூக்கம் தரும் என்று நேருக்கு நேர் ஒப்பிட்டு உறுதியாக நிறுவிய சான்று இல்லை. பல மடங்கு விலையில் விற்கும் திரியோனேட் என்ற வகைக்கும் இது பொருந்தும்.

அளவு எவ்வளவு? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 370 மி.கி. தேவை, ஆனால் இது உணவையும் சேர்த்த கணக்கு. மாத்திரையாக மட்டும் சேர்ப்பதற்கு மேல்வரம்பு அமெரிக்காவில் 350, ஐரோப்பாவில் 250 மி.கி. ஆகவே '370 வேண்டுமாம்' என்று மாத்திரையிலேயே 370ஐ எட்ட முயல்வது பிழையான கணக்கு. பேதியானால் அளவு மிகுதி என்று பொருள்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாராத தவறு

குடியாத்தத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் மாத்திரைப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். காலை வெறும் வயிற்றில் தைராய்டு குறைவுக்குத் தைராக்சின், அரைமணி கழித்து வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல், பிறகு சர்க்கரைக்கு மெட்பார்மின், இரத்த அழுத்தத்திற்குச் சிறுநீர் பிரியும் மருந்து கலந்த ஒரு மாத்திரை, இரவு கால்சியம். நம் பகுதியில் இது அரிதான பெட்டி அல்ல. இதில் மக்னீசியத்தைக் காலையில் தைராக்சினோடு சேர்த்துப் போட்டால், குடலிலேயே அது தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்தில், தைராய்டு போதவில்லை என்பதைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏறும், மருத்துவர் தைராக்சின் அளவைக் கூட்டுவார். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் மக்னீசியம் சாப்பிடுவது இந்த வகையிலும் வசதி. எலும்புத் தேய்மானத்திற்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் எடுப்பவர்கள், அதை வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு, மக்னீசியத்தை அன்று பல மணி நேரம் தள்ளியே எடுக்க வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் மக்னீசியத்தோடு சேர்ந்தால் உடலில் ஏறாமல் போகும். ஐந்து நாள் மருந்து முடியும்வரை மக்னீசியத்தை நிறுத்திவைப்பதே எளிது.

அதே பெட்டியை மறுபக்கமாகவும் பார்க்கலாம். பான்டபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தால் இரத்தத்தில் மக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே எச்சரித்தது. சிறுநீர் பிரியும் மருந்துகளில் பலவும் மக்னீசியத்தை வெளியேற்றுகின்றன. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தாலும் சிறுநீரோடு அது போகும். ஆக, உண்மையான குறைபாடு உள்ளவர் இந்தப் பெண்ணாகவே இருக்கலாம். 'வாய்வுக்கு' என்று ஆண்டுக்கணக்கில் பான்டபிரசோல் விழுங்குகிறவர், அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது முதல் வேலை.

ஆனால் இவரேதான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவரும். உடலுக்கு மிஞ்சிய மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். பல ஆண்டுச் சர்க்கரையும் அழுத்தமும் சிறுநீரகத்தைப் பழுதாக்கியிருந்தால் மக்னீசியம் இரத்தத்தில் தேங்கும். அளவுக்கு மீறித் தூக்கக் கலக்கம், தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்தம் இறங்குதல், நாடித்துடிப்பு மெதுவாதல் என்று அது காட்டும். 'மாத்திரை நல்லா வேலை செய்யுது, பகல்லயும் தூக்கம் வருது' என்று ஒருவர் மகிழ்ந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை அவருடைய இரத்தத்தில் பார்ப்பது நல்லது. சிறுநீரக வடிகட்டும் திறன் (பரிசோதனைச் சீட்டில் eGFR) 30க்குக் கீழ் இறங்கியவர்கள், இதயத் துடிப்புக் கடத்தலில் தடை உள்ளவர்கள், தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்கள் ஆகியோர் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

கணக்கில் வராமல் உள்ளே போகும் மக்னீசியமும் உண்டு. பிரியாணி சாப்பிட்ட இரவில் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் போன்ற நீர்மங்களில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. மலச்சிக்கலுக்கான கிரீமாஃபினிலும் இருக்கிறது. கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் சிறிதளவு சேர்த்திருக்கிறார்கள். உறக்கத்திற்கென்று விற்கும் கலவைகளில் மக்னீசியத்தோடு அசுவகந்தா, மெலட்டோனின், வைட்டமின் பி6 எல்லாம் ஒன்றாக வருகின்றன. பி6ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கை கால் நரம்புகள் மரத்துப்போகும். அசுவகந்தா தைராய்டு அளவுகளை மாற்றக்கூடும், கல்லீரல் பாதிப்பும் அதனோடு தொடர்புபடுத்திப் பதிவாகியிருக்கிறது. இத்தகைய கலவைகளை நான் எவருக்கும் சொல்வதில்லை. பலன் தெரிந்தாலும் எதனால் என்று தெரியாது, தொல்லை வந்தாலும் எதனால் என்று தெரியாது.

இரத்தத்தில் மக்னீசியம் பார்த்து 'நார்மல்' என்று வந்ததால் குறைபாடே இல்லை என்று முடிவு செய்வதும் சரியல்ல. உடலில் உள்ள சுமார் 25 கிராம் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. இரத்த நீரில் இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பரிசோதனையில் குறைவாக வந்தால் நம்பலாம். இயல்பாக வந்தால் மருந்துகளையும் உணவையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த சாப்பாடு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 140 மி.கி. மக்னீசியம் உண்டு, தீட்டிய வெள்ளை அரிசியில் 20 அளவே. ஆடி மாதக் கூழோடு நின்றுவிடாமல் வாரத்தில் மூன்று நாள் களியோ அடையோ செய்வதும், ஆரணி, செய்யாறு பக்கத்து மல்லாட்டையை (நிலக்கடலையை) அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி தின்பதும், எள்ளுப்பொடி, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சேர்ப்பதும் மாத்திரை தரும் அளவை எட்டிவிடும். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டினால் மக்னீசியமும் அதோடு போகும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரின் கடினத்தன்மையில் மக்னீசியமும் ஒரு பங்கு என்பதும், கேன் தண்ணீரில் அது வடிகட்டப்பட்டுவிடுகிறது என்பதும் உண்மைதான்; அதற்காகத் தோல் பதனிடும் கழிவு இறங்கிய பாலாற்றுப் படுகை நிலத்தடி நீரைக் குடிக்கச் சொல்ல முடியாது.

பேதி உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மக்னீசியம் சல்பேட்டை வெந்நீரில் கரைத்துக் காலை ஊறவைப்பதில் இதம் இருக்கலாம். தோல் வழியே உடலுக்கு மக்னீசியம் சேரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 'உள்ளுக்கும் நல்லது' என்று அதைக் கரைத்துக் குடிப்பது ஆபத்து. உரக்கடையில் தென்னைக்கு வாங்கும் மக்னீசியம் சல்பேட் மருந்துத் தரம் வாய்ந்ததே அல்ல.

இவ்வளவையும் பார்த்தபின் முயன்று பார்க்க விரும்பும், சிறுநீரகம் சீராக உள்ள ஒருவர், 100 முதல் 200 மி.கி. தனிம மக்னீசியத்தை இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டு, படுத்த நேரம், விழித்த தடவைகள், அனல் வந்ததா என்பதை ஒரு நோட்டில் ஆறு வாரம் குறித்து வரலாம். மாற்றம் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு, அந்த நோட்டையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், உறக்கக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.